எண்ணப்படாத அடிகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் விடாமுயற்சியைப் பாராட்டிச் சொல்வார்கள். அம்மி கருங்கல். அதுவே நகருமானால், வெண்ணெயைப் போல் மென்மையான மனித மூளை அடிமேல் அடி வாங்கினால் என்னவாகும்? ஒரே அடியில் மண்டை உடைந்தால் ஊரே ஓடி வருகிறது. சிறுசிறு அடிகளாகப் பல ஆண்டுகள் விழுந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சிறு அடிகளைப் பற்றியதே இக்கட்டுரை.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையில் உள்ள கரிசல் கிராமம். இங்கே எதற்கும் கணக்கு உண்டு. பட்டாசு ஆலையில் என் தாயார் பின்னும் ஒவ்வொரு சரத்துக்கும் கணக்கு உண்டு. அதை வைத்துத்தான் சனிக்கிழமை கூலி. மருந்து செலுத்தும் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. ஆனால் ஒரு மனிதன் தன் வாழ்நாளில் தலையில் எத்தனை அடி வாங்கினான் என்பதற்கு மட்டும் எந்தக் கணக்குப்பிள்ளையும் இல்லை.

இதை நான் உணர்ந்தது வகுப்பறையில் அன்று. என் வீட்டுத் திண்ணையில்.

என் பெரியப்பா

என் தந்தையின் அண்ணன் 1981-ஆம் ஆண்டு, தம் 19-ஆம் வயதில் தரைப்படையில் சேர்ந்தார். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் மனிதர் அவரே. பட்டாளத்தில் குத்துச்சண்டை பழகினார். கம்பெனிகளுக்கு இடையிலான போட்டிகளில் வென்ற இரண்டு கோப்பைகள் இன்றும் எங்கள் வீட்டு மாடத்தில் உள்ளன. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையில் அவரும் சென்றார். அங்கே யாழ்ப்பாணப் பகுதியில் அவர் சென்ற வண்டிக்கு முன்னால் கண்ணிவெடி வெடித்தது. வண்டி கவிழவில்லை, கையும் காலும் நன்றாகவே இருந்தன. இரண்டு நாள் தலைவலி. மூன்றாம் நாள் மீண்டும் பணி.

1998-இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர், பட்டாசு ஆலை ஒன்றில் காவலாளியாகச் சேர்ந்தார். அங்கே ஒருநாள் மருந்து கலக்கும் அறை வெடித்தது. சற்றுத் தள்ளி நின்ற பெரியப்பாவைக் காற்று தூக்கிச் சுவரில் அடித்தது. காதிலிருந்து இரத்தம் வந்தது. உடம்பில் தீக்காயம் ஒன்றும் இல்லை. ஆகவே காயமடைந்தோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்று பாட்டி குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகவில்லை. ஏறக்குறைய 55 வயதில் அவரிடம் மாற்றம் தோன்றியது. குழந்தைகளிடம் குரல் உயர்த்தியே அறியாதவர், சோற்றில் உப்புக் குறைந்தால் தட்டை வீசினார். பின்பு மறதி வந்தது. இருபது ஆண்டு நடந்த ஓடைப் பாதையில் ஒரு மாலை வழி தெரியாமல் நின்றார். பேச்சு சற்றுக் குழறியது. குடிக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். காத்துக் கருப்பு என்று கோடாங்கியிடம் அழைத்துப் போகச் சொன்னார்கள் சிலர். நானும் அவரை வெறுத்திருக்கிறேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

சென்ற ஆண்டு நரம்பு மண்டலப் பாடம் நடந்தபோது, மூளையின் முன்மடல் சேதமுற்றால் குணம் மாறக்கூடும் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். வகுப்பு முடிந்ததும் அவரிடம் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் அறிவுரைப்படி மதுரைக்கு அழைத்துச் சென்று நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, இதுவரை தலையில் எத்தனை முறை அடிபட்டிருக்கும்?" என்றார்.

பெரியப்பா சிரித்தார். "அதுக்கெல்லாம் யாரு சார் கணக்கு வச்சா?"

அந்தக் கேள்வியின் பொருளைத் தேடி, எங்கள் பேராசிரியரின் துணையோடு நான் படித்தறிந்தவற்றைச் சக மாணவர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மண்டைக்குள் நடப்பது என்ன?

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. அது மண்டையோட்டுக்குள் மூளைத் தண்டுவடத் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. மிதப்பதால் அதன் எடை சுமார் 50 கிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நடந்தாலும் ஓடினாலும் மூளை நசுங்காமல் இருப்பது இதனால்தான்.

ஆனால் வேகமாகச் செல்லும் பேருந்து சட்டென்று நின்றால் பயணிகள் முன்னே சாய்வதைப் போல, தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ மூளை தன் போக்கில் தொடர்ந்து நகர்கிறது. நேராகத் தள்ளப்படுவதைவிடச் சுழற்றப்படுவதே மூளைக்குப் பெருந்தீங்கு. தூக்குவாளியில் தயிர் கொண்டுபோகிறவர்களுக்கு இது தெரியும். நேராக நடந்தால் தயிர் கலையாது. வாளியை வெடுக்கென்று திருப்பினால் உள்ளே ஆடை ஆடையாகப் பிளந்துவிடும். மூளையிலும் அவ்வாறே ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் வழுக்க, இடையில் உள்ள நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. தாடையில் விழும் குத்து ஒருவனை வீழ்த்துவதும் அது தலையைச் சுழற்றுவதால்தான். இதையே மருத்துவர்கள் மூளை அதிர்ச்சி என்கிறார்கள்.

இழுபட்ட நரம்பணுவின் சவ்வு வழியே பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. கால்சியம் உள்ளே புகுகிறது. இந்தச் சமநிலையை மீட்கச் சோடியம்-பொட்டாசியம் பம்புகள் ஓயாமல் இயங்குவதால் குளுக்கோஸின் தேவை பெருகுகிறது. அதே வேளையில் மூளைக்கு வரும் இரத்த ஓட்டமோ குறைகிறது. செலவு பெருகி வரவு சுருங்கிய குடும்பத்தின் நிலைதான். இது சீராகச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். அதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், முதல் அடியைவிட இலேசானதாக இருந்தாலும் அது விளைவிக்கும் தீங்கு மிகுதி.

இரண்டு தவறான எண்ணங்களை இங்கே நீக்க வேண்டும். மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதிர்ச்சிக்கு ஆளாவோரில் பெரும்பாலோர் நினைவு இழப்பதே இல்லை. சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் ஆபத்தில்லை என்பது இரண்டாவது எண்ணம். சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் காட்டும். நரம்பிழைகள் இழுபட்டதை அது காட்டாது.

இனி, ஆண்டுகள் கழித்து வரும் விளைவைக் காண்போம். நரம்பிழைக்குள் நுண்குழல்கள் உள்ளன. நரம்பணுவுக்குத் தேவையான பொருட்கள் அவற்றின் வழியேதான் போகின்றன. அக்குழல்களைக் கட்டி நிறுத்தும் புரதத்துக்கு டௌ என்று பெயர். பந்தக்கால்களைப் பிணைக்கும் கயிறு போன்றது அது. அடிமேல் அடி விழும்போது கயிறு அவிழ்கிறது. அவிழ்ந்த டௌ ஒன்றோடொன்று சிக்கி முடிச்சாகிறது. இம்முடிச்சுகள் முதலில் மூளை மடிப்புகளின் அடியாழத்தில், நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றிச் சேர்கின்றன. பின்னர் அடி நின்றுபோன பிறகும் பல ஆண்டுகளில் மெல்லப் பரவக்கூடும். சினம், மனச்சோர்வு, மறதி, நடைத் தளர்ச்சி ஆகியவை தொடர்கின்றன. 'நாட்பட்ட அதிர்ச்சி மூளைச் சிதைவு' எனப்படும் இந்நோயைச் சுருக்கமாக சி.டி.இ. என்பர். உயிரோடு இருக்கும்போது இதை ஐயமற உறுதிசெய்ய முடியாது. இறந்த பின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே உறுதிசெய்கிறார்கள்.

குத்துச்சண்டை கற்றுத் தந்த பாடம்

இந்நோயை முதலில் எடுத்துரைத்தவர் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த நோய்க்கூறு மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட். கடிகார முகப்புகளில் ரேடியம் வண்ணம் தீட்டிய பெண் தொழிலாளர்கள் எதனால் சாகிறார்கள் என்பதை 1925-இல் ஆராய்ந்து சொன்னவரும் இவரே. 1928-இல் இவர் எழுதிய கட்டுரை, மேடையில் பலகாலம் அடிவாங்கிய குத்துச்சண்டைக்காரர்கள் குடிக்காமலேயே தள்ளாடுவதையும் குழறுவதையும் பற்றியது. அவர்களைக் 'குத்திலே போதை ஏறியவர்கள்' என்று இரசிகர்கள் கேலி செய்து வந்தார்கள். மார்ட்லண்ட் அந்தக் கேலிப் பேச்சையே நோயின் பெயராக்கினார். இதைப் படித்தபோது, பெரியப்பாவைக் குடிகாரர் என்ற எங்கள் தெருவை நினைத்துக்கொண்டேன். 1973-இல் இங்கிலாந்தில் கோர்செல்லிஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், ஓய்வுபெற்ற 15 குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து சேதத்தை விரிவாகப் பதிவு செய்தார்கள்.

குத்துச்சண்டை நமக்குப் புதியதன்று. வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பரம்பரை பரம்பரையாக மோதிய வரலாறு உண்டு. 2021-இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் அதை நம் தலைமுறைக்கும் கொண்டுவந்தது. உலக வீரர் முகமது அலியே 1980-இல் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் கையுறை அணிந்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான் பட்டாளத்தில் சேர்ந்த பெரியப்பா, அலியின் படத்தைத் தம் தகரப் பெட்டியின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தார்.

அலி தொழில்முறையில் 61 போட்டிகளில் ஆடியவர். 1981-இல் ஓய்வு பெற்றார். 1984-இல், 42 வயதில், அவருக்குப் பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பதாக மருத்துவர்கள் தெரிவித்தனர். 2016-இல் மறைந்தார். அவர் நோய்க்குக் குத்துகள் எந்த அளவு காரணம் என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் வண்ணத்துப்பூச்சி போல் துள்ளிய கால்கள் நாற்பது வயதிலேயே தளர்ந்ததை உலகம் கண்டது.

பந்தும் ஓர் அடியே

குத்துச்சண்டையில் அடிப்பதே நோக்கம். பிற விளையாட்டுகளில் என்ன நடக்கிறது?

இங்கிலாந்தின் ஜெஃப் ஆஸ்ல், பந்தைத் தலையால் முட்டிக் கோல் போடுவதில் பெயர்பெற்ற கால்பந்து வீரர். அவர் 2002-இல் 59 வயதில் நினைவிழந்த நிலையில் மறைந்தார். அவரது மரணத்தை விசாரித்த அதிகாரி, தோல்பந்தைத் திரும்பத் திரும்பத் தலையால் முட்டியதே காரணம் என்று கூறி, அதைத் 'தொழில்வழி நோய்' என்று பதிவு செய்தார். மாணவ நண்பர்களே, தொழிலால் வரும் நோய் என்ன என்பது நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடுகளமும் ஒரு தொழிற்கூடம்தான் என்று அந்தத் தீர்ப்பு உணர்த்தியது.

அதே 2002-இல் அமெரிக்காவில் மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் 50 வயதில் மறைந்தார். நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு அவரது மூளையை ஆராய்ந்து, குத்துச்சண்டைக்காரர்களிடம் கண்ட அதே நோயை அங்கும் கண்டார். 2005-இல் அது ஆய்விதழில் வெளிவந்தது. விளையாட்டு அமைப்பினர் முதலில் எதிர்த்தனர். பின்னர் ஏற்க வேண்டியதாயிற்று.

2017-இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், அந்நாட்டின் முதன்மைத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய 111 பேரின் மூளைகளை ஆராய்ந்து, 110-இல் இந்நோய் இருந்ததாகத் தெரிவித்தனர். இந்த எண்ணைக் கண்டு திகைப்பது இயல்பு. ஆனால் அறிவியல் மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். மூளையைத் தானம் செய்தவர்கள் யார்? ஏற்கெனவே அறிகுறிகளைக் கண்டு கவலையுற்ற குடும்பத்தார். ஆகவே ஆடிய எல்லாருக்கும் நோய் வரும் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. மாதிரி எடுத்த முறையை அறியாமல் விழுக்காட்டை நம்பக் கூடாது என்று புள்ளியியல் வகுப்பில் நாம் படித்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இந்தக் குறை இல்லாத ஆய்வு ஸ்காட்லாந்தில் நடந்தது. 7,676 முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் இறப்புப் பதிவுகளை, அதே வயதும் வாழ்நிலையும் கொண்ட 23,000 பொதுமக்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். நரம்புச் சிதைவு நோயால் இறப்பது வீரர்களிடம் ஏறத்தாழ மூன்றரை மடங்காக இருந்தது. அதே வீரர்களிடம் இதயநோய் இறப்பு குறைவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். விளையாட்டு உடலுக்கு நன்மை செய்தது. தலைக்கு மட்டும் தீமை சேர்த்தது. 2021-இல் வந்த தொடர் ஆய்வில், பந்தை மிகுதியாக முட்டும் தடுப்பாட்டக்காரர்களிடம் இந்நோய் மிகுதி என்றும், கோல்காப்பாளர்களிடம் அத்தகைய உயர்வு இல்லை என்றும் கண்டார்கள். ஒரே விளையாட்டு, ஒரே பயிற்சி. வேறுபட்டது தலையில் விழுந்த அடிகளின் எண்ணிக்கை.

2023-இல் 631 அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மூளைகளை ஆராய்ந்தவர்களும் இதையே வேறு வகையில் சொன்னார்கள். நோய் எந்த அளவு முற்றியிருக்கும் என்பதை, மருத்துவர் கண்டறிந்த மூளை அதிர்ச்சிகளின் எண்ணிக்கை சுட்டவில்லை. வாழ்நாள் முழுவதும் தலை ஏற்ற அடிகளின் மொத்த விசையே சுட்டியது. மயங்கி விழுந்த மூன்று அடிகளை நாம் நினைவில் வைத்திருப்போம். விழாமல் நின்ற மூவாயிரம் அடிகளை மூளை நினைவில் வைத்திருக்கிறது.

போர்க்களத்தின் காற்று

படைவீரனுக்கு வரும் அடி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. குண்டு வெடிக்கும்போது காற்று சுவர்போல் திரண்டு ஒலியைவிட விரைவாகப் பாய்கிறது. அந்த அழுத்த அலை மண்டையோட்டைக் கடந்து மூளைக்குள் செல்கிறது. முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளுக்கு அருகே இருந்த சிப்பாய்கள், உடலில் கீறல்கூட இல்லாமல் நடுங்கினார்கள், பேச்சிழந்தார்கள், நினைவிழந்தார்கள். சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 1915-இல் 'குண்டதிர்ச்சி' என்ற பொருள்படும் பெயரால் இதைப் பற்றி எழுதினார். காயம் வெளியே தெரியாததால் கோழை என்று பட்டம் கட்டப்பட்டவர்களும் பலர்.

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 2016-இல், டேனியல் பெர்ல் என்ற அமெரிக்க மருத்துவரும் குழுவினரும், வெடிவிபத்துகளுக்கு ஆளான படைவீரர்களின் மூளைகளில் தனி வகைத் தழும்புகள் இருப்பதைக் காட்டினார்கள். மூளைத் திரவமும் மூளைத் திசுவும் சந்திக்கும் இடங்களிலும், இரத்தக் குழாய்களைச் சுற்றியும் அத்தழும்புகள் இருந்தன. அடர்த்தி மாறும் எல்லையில்தான் அழுத்த அலை தன் ஆற்றலை இறக்கும் என்ற இயற்பியல் விதியோடு அது ஒத்துப்போயிற்று.

2020 சனவரியில் ஈராக்கின் அல் அசாத் தளத்தின்மீது ஏவுகணைகள் விழுந்தபோது, அமெரிக்க வீரர் ஒருவருக்கும் தீங்கில்லை என்று முதலில் அறிவிக்கப்பட்டது. நாட்கள் செல்லச் செல்லத் தலைவலியும் தலைசுற்றலும் வெளிப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மூளைக்காயம் இருப்பது தெரியவந்தது. 'காயமில்லை' என்ற சொல்லை எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 3,50,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் பதிவுகளை நோக்கியது. நினைவிழக்காத இலேசான மூளைக்காயம் பெற்றவர்களிடம்கூட, பிற்காலத்தில் மறதிநோய் கண்டறியப்படும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. என் பெரியப்பாவின் இரண்டு நாள் தலைவலி என் நினைவுக்கு வந்தது.

நம் பட்டாசு பூமி

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தை நம் மாவட்டம் மறக்காது. முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்திலும் 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்திலும் மீண்டும் அழுகை ஒலித்தது. ஒவ்வொரு முறையும் இறந்தவர்களை எண்ணுகிறோம், தீக்காயமுற்றவர்களை எண்ணுகிறோம். அது மிகவும் தேவையானதே. ஆனால் அடுத்த அறையில் இருந்தவர்கள், காற்றால் தூக்கி எறியப்பட்டவர்கள், காது அடைத்து நின்றவர்கள் ஆகியோர் மறுநாள் ஊதியத்துக்காக வேறோர் ஆலையின் வாசலில் நிற்கிறார்கள்.

திறந்த வெளியில் பரவும் அழுத்த அலை விரைவில் வலுவிழக்கும். நான்கு சுவர்களுக்கு நடுவே அது சுவரில் பட்டுத் திரும்பி, ஒரே மனிதனை ஒன்றுக்கு மேற்பட்ட முறை தாக்குகிறது. படைவீரனுக்குப் பொருந்தும் இயற்பியல் பட்டாசுத் தொழிலாளிக்குப் பொருந்தாமல் போகாது. செவிப்பறை கிழிந்த ஒருவர் வலுவான அழுத்த அலைக்கு ஆளானவர் என்பதற்கு அந்தக் காதே சாட்சி. அவருடைய தலையையும் சோதித்துப் பார்ப்பதுதானே முறை?

அன்றாட வேலையில் ஒவ்வொருவருக்கும் மூளைச் சிதைவு வருகிறது என்று நான் சொல்ல வரவில்லை. வீண் அச்சம் அறிவியல் ஆகாது. நான் கேட்பது ஒரே ஒரு பத்தி. விபத்துக்குப் பின் எடுக்கும் பட்டியலில் இறந்தவர், தீக்காயமுற்றவர் என்ற பத்திகளுக்கு அருகே, 'தூக்கி எறியப்பட்டவர், காது அடைத்தவர், நினைவு தடுமாறியவர்' என்று மூன்றாவது பத்தி வேண்டும். அதில் பெயர் ஏறினால், ஒரு மாதம் கழித்தும் ஓராண்டு கழித்தும் அவரை அழைத்துப் பார்க்க முடியும்.

நம் ஆடுகளம்

இப்போது என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற தைப் பொங்கலுக்கு எங்கள் ஊரில் நடந்த கபடிப் போட்டியில் நானும் ஆடினேன். எங்கள் அணியின் பாடிச் செல்பவனை எதிரணியினர் மடக்கியபோது, அவன் நெற்றி ஒருவனின் முழங்காலில் மோதியது. எழுந்தவன் தன் பக்கக் கோடு எது என்று தெரியாமல் நின்றான். முகத்தில் சோடா தெளித்து, கன்னத்தில் தட்டி, "ஒண்ணுமில்லடா, போ" என்று அனுப்பியவன் நான்தான். அந்த ஆட்டத்தில் வென்றோம். இரவு அவன் மூன்று முறை வாந்தி எடுத்தான் என்பதை மறுநாள்தான் அறிந்தேன். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான். அப்போது என் வீட்டுத் திண்ணையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அவரையும் ஒரு காலத்தில் யாரோ ஒரு நண்பன் கன்னத்தில் தட்டித்தான் மீண்டும் மேடைக்கு அனுப்பியிருப்பான்.

கிரிக்கெட்டில் 2019 முதல் தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்று விதி வந்துள்ளது. 2020 டிசம்பரில் கான்பெரா நகரில் ஜடேஜாவுக்கு மாற்றாகச் சாகல் பந்து வீசியதை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். பெரிய ஆட்டத்துக்கு உள்ள விதி நம் ஊர் ஆட்டத்துக்கும் வேண்டாமா? நாம் கடைப்பிடிக்க வேண்டியவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. தலையில் அடிபட்டவர் தடுமாறினாலோ, கண் மங்கினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, உடனே வெளியேற வேண்டும். அன்று மீண்டும் ஆடக் கூடாது.

2. அவரைத் தனியே விடக் கூடாது. தலைவலி ஏறிக்கொண்டே போதல், மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிதல், எழுப்ப முடியாத உறக்கம், கை கால் தளர்ச்சி இவற்றில் எது தோன்றினாலும் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

3. முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு தேவை. பின்னர் நடை, மெல்லோட்டம், தனிப்பயிற்சி என்று படிப்படியாக ஏறி, அறிகுறிகள் முற்றும் நீங்கி, மருத்துவர் ஒப்பிய பின்பே மோதும் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

4. தலைக்கவசம் மண்டை உடையாமல் காக்கும். இருசக்கர வண்டியில் அதை மறக்கவே கூடாது. ஆனால் உள்ளே மூளை சுழல்வதை அது முழுமையாகத் தடுக்காது. கவசம் உண்டு என்று அடியைக் கேட்டு வாங்கக் கூடாது.

5. பயிற்சியில் தேவையற்ற மோதலைக் குறைக்க வேண்டும். பெரும்பாலான அடிகள் போட்டியில் அன்று, பயிற்சியில்தான் சேர்கின்றன. இதை எண்ணித்தான் இங்கிலாந்தில் 2020 முதல் 11 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சியில் பந்தைத் தலையால் முட்டக் கற்றுத் தருவதை நிறுத்தினார்கள்.

ஒருமுறை அடிபட்டவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலோர் சில வாரங்களில் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். தேறும் முன் அடுத்த அடி விழாமல் பார்த்துக்கொள்வதே முதன்மையானது.

முடிவாக

மதுரை மருத்துவர் பெரியப்பாவுக்கு இன்ன நோய் என்று ஒரே சொல்லில் முடிவு கூறவில்லை. அடிகளும் வெடியும் காரணமாக இருக்கக்கூடும் என்றார். உயிரோடு இருப்பவரிடம் உறுதியாகச் சொல்ல இயலாது என்றும் விளக்கினார். ஆனால் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் சொல்லவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மருந்து தந்தார். உறக்கத்தைச் சீராக்கினார். கேளாத காதுக்குக் கருவி பொருத்தச் சொன்னார். காது கேளாமையும் மறதிநோய்க்கு வழிவகுக்கும் என்பதை அன்றுதான் அறிந்தோம். இப்போது அவர் சற்று அமைதியாக இருக்கிறார். தட்டை வீசுவதில்லை. அது குணக்கேடு அன்று, காயம் என்று தெரிந்த பின் வீட்டில் எங்களுக்கும் பொறுமை வந்திருக்கிறது. அவரைத் தேடிப் போய்ப் பேசும் பழைய நண்பர்களும் மெல்லத் திரும்பி வருகிறார்கள்.

நம் மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் இல்லாத ஊர் அரிது. அவர்களுக்காக 2003 முதல் மருத்துவத் திட்டம் உள்ளது. முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் உள்ளது. பக்கத்து வீட்டு மிலிட்டரித் தாத்தா மறந்தாலோ சினந்தாலோ, குடி என்றும் கோட்டி என்றும் சொல்வதற்கு முன், அவர் தலையில் என்னென்ன விழுந்தன என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டபின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு 40 பக்க நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் பெரியப்பாவின் பெயர். காலையில் உண்டது அவருக்கு நினைவில்லை. ஆனால் 1984-இல் எந்தச் சுற்றில், யார் கையால், எந்தத் தாடையில் குத்து வாங்கினார் என்பது நினைவிருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இதுவரை 31 அடிகள் ஏறியுள்ளன. இரண்டாம் பக்கத்தில் என் தந்தை. மூன்றாம் பக்கம் எனக்கு.

நம் கல்லூரி விளையாட்டு அறையிலும் அப்படி ஒரு நோட்டு வேண்டும் என்பது என் வேண்டுகோள். நாள், பெயர், எவ்வாறு அடிபட்டது, எப்போது மீண்டும் ஆட வந்தார் என நான்கு பத்திகள் போதும். செலவு இருபது ரூபாய். பிற்காலத்தில் நம்மில் ஒருவரை மருத்துவர், "தலையில் எத்தனை முறை அடிபட்டது?" என்று கேட்டால், சிரித்து மழுப்பாமல் விடை சொல்ல அது உதவும்.